நாலாவது சில்லின் பொட்டு

அந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை, ஐயா. இன்றைக்கு உண்மை முழுதாகத் தெரியுமா என்று கேட்டால், அதற்கும் உடனே பதில் வராது.

உட்காருங்கள். உங்கள் நம்பர் இப்போதைக்கு வராது. ரொறன்ரோவில் முதல் பனி விழுந்த அன்றைக்குத்தான் எல்லோருக்கும் டயர் ஞாபகம் வரும். இந்தப் பக்கம், கண்ணாடிக்குக் கிட்ட இருங்கள். இங்கேயிருந்தால் காரைப் பார்க்கலாம். நான் எப்போது வந்தாலும் இந்த நாற்காலிதான். கழற்றுகிற நாலு சில்லும் என்னுடையவை, பூட்டுகிற நாலும் என்னுடையவை என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்குச் சரி. சில்லு என்றால் வீல். நாங்கள் யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்லுவோம். நீங்கள் மதுரைப் பக்கமா? பேச்சில் தெரிகிறது.

மகன் அனுப்பினாரா? சும்மா போய் உட்காருங்கள், அவர்களே எல்லாம் பார்ப்பார்கள் என்றிருப்பார். பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள், நாலையும் மாற்றுகிறார்களா, முன்னாலே இரண்டு மட்டுமா என்று. முன்னுக்கு மட்டும் பனிக்கால டயர் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் கார் தன்பாட்டில் சுழன்றுவிடும். நான் உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். ஆனாலும் கேளுங்கள்.

என் வேலை அப்படி. போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். மூடிகள் வரிசையாக வரும், பிழையானதை எடுத்து எறிய வேண்டும். என் மனைவி சறோஜினி சொல்லுவாள், “உங்களுக்கு நல்ல மூடி கண்ணில படாதப்பா, பழுதானது மட்டும்தான் படும்” என்று. அது பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்வது.

சரி, கதைக்கு வருகிறேன். என் மகள் ஆரணி ஒட்டாவாவில் படிக்கப் போனாள். இங்கேயிருந்து நாலைந்து மணித்தியால ஓட்டம். எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. தாயும் மகளும் ஒன்றாக நின்றார்கள், நான் தோற்றுப்போனேன். ஒரு சொல் மட்டும் சொன்னேன்: “ஒரு பிழை நடந்தாலும் அடுத்த நாளே கூட்டிக்கொண்டு வந்திடுவன்.” ஒரு தகப்பன் சொல்லக்கூடிய சொல்தானே?

பழைய சிறிய கார் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பனிக்கால டயர் தேடி நான் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு, இதுதான் நல்லது, இதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்று ஒருவன் சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். டயரின் பக்கவாட்டில் மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அது இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. அது எந்த வருடம் செய்த டயர் என்பதும் அதிலேயே பொறித்திருக்கும். பழசை மினுக்கிப் புதுசு என்று தருவார்கள். நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். குளிரிலும் ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், அதற்காகத்தானே அந்த டயர். கடைசியில் நாலு டயர் எடுத்தேன். அவற்றுக்கென்று தனியாக நாலு இரும்பு ரிம். அப்படிச் செய்தால் வருடா வருடம் டயரை ரிம்மிலிருந்து உரிக்கத் தேவையில்லை, சில்லோடு சேர்த்துக் கழற்றிப் பூட்டலாம். ரோட்டில் கொட்டுகிற உப்பு நல்ல அலுமினிய ரிம்மைத் தின்றுவிடும், இரும்பு என்றால் போனால் போகட்டும். ஆரணிக்கு அந்தக் கறுப்பு ரிம் பிடிக்கவில்லை. “அப்பா, உது டாக்ஸி மாதிரி இருக்கு” என்றாள். அதனால் மேலே பிளாஸ்டிக் மூடி நாலு வாங்கிப் போட்டேன். மூடி எனக்குப் புதிதா!

மூடி போடுவதற்கு முன்னால் சறோஜினி வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ். உங்கள் ஊரிலும் வண்டிக்குப் பொட்டு வைப்பீர்கள்தானே. அவள் சந்தனத்தைக் குழைத்துப் பெருவிரலால் ஒவ்வொரு ரிம்மின் நடுவிலும் அழுத்தினாள். அகலமான, வட்டமான பொட்டு. அதன்மேலே தேங்காய் எண்ணெயில் குழைத்த குங்குமம். பிறகு நான் மூடியைப் போட்டு அடித்து இறுக்கிவிட்டேன். நாலு எலுமிச்சம்பழத்தை நசித்துக்கொண்டு கார் வெளிக்கிட்டது.

அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவன் நித்தி. நித்தியகுமார், சறோஜினியின் தம்பி, என் மச்சான். லொறி ஓட்டுகிறவன். ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில் வாழ்க்கை முழுக்க ஓடுகிறான். கோயில், குளம், பொட்டு, பூ ஒன்றும் கிடையாது அவனிடம். “அத்தான், எலுமிச்சங்காயை நசிச்சு என்ன, சாறா குடிக்கப் போறியள்? நட்டை இறுக்குங்கோ, அது போதும்” என்றான். சறோஜினி அவனுக்கு ஒரு குட்டு வைத்தாள். ஆரணி மாமன் பக்கம். சின்ன வயதிலிருந்தே எதுவென்றாலும் மாமா, மாமா.

காலையில் எழும்பினதும் ஆரணிக்கு ஃபோன் எடுப்பேன். காற்றுப் பார்த்தாயா? குளிர் கூடினால் டயரில் காற்று இறங்கும். பனி கொட்டுகிறதா? அப்படியென்றால் காரைத் தொடாதே. நேற்று எங்கே போனாய், யார் ஏறினது? அவள் எல்லாவற்றுக்கும் “ஓம் அப்பா, ஓம் அப்பா” என்பாள். நல்ல பிள்ளை. என்னிடம் எதையும் மறைக்க மாட்டாள்.

அந்த முதல் குளிர்காலம், தைப்பொங்கல் முடிந்த கையோடு நித்தி ஃபோன் எடுத்தான்.

“அத்தான், நான்தான். ஒரு விசயம், பதறாதேங்கோ. ஒட்டாவாப் பக்கம் வந்தனான், ஆரணியின்ர காரைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனனான். நான்தான் பாக்காமல் குழியுக்க விட்டிட்டன். முன் சில்லு ஒண்டு போயிட்டுது. ரிம்மும் வளைஞ்சிட்டுது. நான் வேற ஒண்டு போட்டுக் குடுத்திட்டன்.”

“பிள்ளை?”

“பிள்ளை காரிலயே இல்லை. அவள் வகுப்பில.”

இதுதான் ஐயா அந்தக் கதை. நான் பல வருடங்களாக நம்பாத கதை இதுதான்.

ஏன் நம்பவில்லை? நீங்களே சொல்லுங்கள். பாரம் ஏற்றின பெரிய லொறியைப் பனிக்குள்ளே ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவன், சின்னக் காரைக் குழிக்குள் விடுவானா? “பழைய சில்லு எங்க?” என்று கேட்டேன். “எறிஞ்சிட்டன் அத்தான்.” எறிந்துவிட்டானாம்! நான் தேடித் தேடி வாங்கின புது டயர். வளைந்த இரும்பையும் காசு கொடுத்து எடுக்கிறவர்கள் இருக்கிற ஊரில் எறிந்துவிட்டானாம். “எந்தக் குழி? எந்த ரோட்?” என்று கேட்டேன். “குழிக்கும் பேர் இருக்கோ அத்தான்?” என்றான்.

சித்திரையில் ஆரணி காரோடு வீட்டுக்கு வந்தாள். கோடைகால டயர் மாற்ற வேண்டும். வீட்டு வாசலில் ஜாக் வைத்துத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு மூடியாகக் கழற்றினேன். மூன்று ரிம்மில் சறோஜினியின் பொட்டுக் காய்ந்து அப்படியே இருந்தது. நாலாவது வேறு ரிம், துரு ஏறினது. டயரும் பழசு, ஆரணி கார் ஓட்டப் பழகுவதற்கு முதலே செய்த டயர். அதுவல்ல விசயம். அந்த ரிம்மிலும் ஒரு பொட்டு இருந்தது.

நித்தி வைத்த பொட்டு! கோயில் வாசலில் லொறியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் சிகரெட் பிடிக்கிற நித்தி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிழை விட்டவன் சில்லை மாற்றுவான், அது சரி. பொட்டு எதற்கு? என் சில்லு மாதிரிக் காட்டத்தானே? மூடியைக் கழற்றினால் நான் பார்ப்பேன் என்று தெரிந்து, என்னை ஏமாற்றத்தானே? என் புது டயரை எங்கேயோ தள்ளிவிட்டு, உடைசல் காரில் கழற்றின பழசைப் போட்டிருக்கிறான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

சறோஜினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து நெடுநேரம் அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “பயத்தில வச்சிருப்பான்” என்றாள்.

“நித்தியோ? பயத்திலயோ?”

“பயம் வந்தால் ஆரும் வைப்பினம்” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனால் இரவு வேறு ஒன்று கேட்டாள். “ஏனப்பா, களவெடுக்கிறவன் ஒரு சில்லைக் களவெடுத்து என்ன செய்யிறது? ஒத்தைச் சில்லை ஆர் வாங்கிறது?” கள்ளனுக்கு ஒரு கணக்கு இருக்கும் என்றேன்.

அடுத்த மாதம் மாமியாரின் திவசம். எங்கள் வீட்டில்தான். எல்லோரும் வந்து பந்தியில் இருந்தார்கள். நித்தி எனக்கு எதிரே. சோறு போட்டு, பருப்பு ஊற்றி, அவன் கை வைக்கப் போனான். நான் கேட்டேன், சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“அந்தச் சில்லை எவ்வளவுக்கு மச்சான் வித்தனீ?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆரணியைப் பார்த்தான். அவள் அப்பளம் பரிமாறிக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தான்.

“ஓம் அத்தான். நான்தான் வித்தனான். போதுமோ?”

எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். தாயின் திவசச் சோறு இலையில் அப்படியே கிடந்தது. ஆரணி அப்பளத் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள், பாவம்? ஆசை மாமன் இப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு வெடிக்கும்தானே. நான் கதவுக்கு வெளியே நின்று, “விடம்மா, இப்பவாவது ஆளைத் தெரிஞ்சுகொண்டாய்” என்று ஆறுதல் சொன்னேன். உள்ளே அழுகை கூடினது.

அதோடு நித்தி எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அந்தக் காரைப் பிறகு விற்றுவிட்டோம். அந்த நாலாவது சில்லை மட்டும் நான் விற்கவில்லை. பொட்டுக் கலையாமல் கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தேன். சாட்சி வேண்டாமா? சறோஜினி போகும்போதும் வரும்போதும் சொல்லுவாள், “மற்ற வீடுகளில மான் கொம்பு மாட்டுவினம், எங்கட வீட்டில மச்சானின்ர சில்லு.”

சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உங்கள் நம்பரைக் கூப்பிட்டார்களா? இல்லை, அது வேறு ஆள். பாருங்கள், அந்த வெள்ளைக் காருக்கு நட்டை ஒரே வரிசையில் சுற்றி இறுக்குகிறான். குறுக்காக மாறி மாறி இறுக்க வேண்டும். பிறகு கொஞ்ச நாள் ஓடிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். யாரும் வருவதில்லை. இறுக்கினால் இறுகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இப்போது ஆரணிக்குக் கலியாணம். பங்குனியில். மாப்பிள்ளை டிலக்சன், எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். எல்லாம் பொருந்திவிட்டது. அழைப்பிதழ் எழுதுகிற நேரம் ஆரணி ஒரேயடியாகச் சொன்னாள். “நித்தி மாமா பக்கத்தில நிக்காமல் நான் தாலிக்குக் கழுத்து நீட்ட மாட்டன்.”

“கள்ளனைக் கூப்பிட்டு முன்னுக்கு நிப்பாட்டச் சொல்லுறியோ?”

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அந்த வாய் திறந்து மூடினதைத்தான் ஐயா நான் இரண்டு வாரமாக யோசிக்கிறேன். தரம் பார்ப்பவன் நான். அது என் கண்ணில் பட்டும் விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை டிலக்சன் தன் காருக்குப் பனிக்காலச் சில்லு மாற்ற எங்கள் வீட்டுக்கு வந்தான். நான்தான் வரச்சொன்னேன், பக்கத்தில் இருந்து பார்க்காமல் கடைக்காரனை நம்பக் கூடாது என்று. நான் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். சறோஜினி அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டு நின்றாள். “பிள்ளை, நீயே பொட்டை வச்சு விடு” என்று சத்தம் போட்டாள்.

ஆரணி வந்தாள். மோதிர விரலால் சந்தனம் தொட்டு ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். பிறகு விரலில் மிஞ்சினதை அந்த ரிம்மிலேயே கீழ்நோக்கி ஒரு இழுப்பு. வால் முளைத்த மாதிரி. சின்ன வயதில் சோறு தின்றாலும் சாயம் தீட்டினாலும் அப்படித்தான், விரலை அங்கேயே துடைத்துவிடுவாள், எத்தனை நாள் பேச்சு வாங்கியிருக்கிறாள். இரண்டாவது ரிம், வால். மூன்றாவது, வால். நாலாவதுக்கு அவள் வந்தபோது நான் நட்டை இறுக்குவதை விட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை. குளிர்.”

கராஜுக்குள் போனேன். சுவரில் இருந்த சில்லைப் பார்த்தேன். சின்னப் பொட்டு. கீழ்நோக்கி ஒரு வால். பனி உருகி வழிந்த கோடு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மகளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் பிறகு நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? நித்தியிடம் போனேன். நேற்று. லொறிகள் நிற்கிற கோப்பிக்கடை ஒன்று இருக்கிறது, அவன் அங்கே வருவான் என்று தெரியும். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பினான்.

“வாங்கோ அத்தான். இருங்கோ. சீனி போடலாமோ உங்களுக்கு இப்ப?”

நான் ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினேன். “இந்தப் பொட்டை வச்சது ஆர்?”

“நான்தான்.”

“நீயோ?”

“பயத்தில வச்சனான் அத்தான். பயம் வந்தால் ஆரும் வைப்பினம்.”

கேட்டீர்களா? அதே சொல். சறோஜினி சித்திரையில் சொன்ன அதே சொல். அக்காவும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் அவள் என் வீட்டில், என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல்! அந்த நேரம் எனக்கு வந்தது கோபம்தான் ஐயா, வேறு ஒன்றுமில்லை. இரண்டாவது படத்தைக் காட்டினேன். டிலக்சனின் சில்லு. சனிக்கிழமைப் பொட்டு, சனிக்கிழமை வால்.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கோப்பிக் கோப்பையைச் சுற்றினான், சுற்றினான்.

“ஐஸ் மழை அத்தான் அண்டைக்கு” என்றான் கடைசியில். “சினேகிதப் பெட்டைக்குக் காய்ச்சல், மருந்து வாங்க வெளிக்கிட்டவள். ஐஸ் மழைக்கு எந்த டயரும் நிக்காது, உங்களுக்குத் தெரியும்தானே. வளைவில வழுக்கி வீதியோரக் கட்டையில அடிச்சிட்டுது. நல்ல காலம், ஒரு கீறல் இல்லை. நான் லொறியோட அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன். போய்ப் பாத்தால், ஐஸுக்க நிண்டு நடுங்கிக்கொண்டு நிக்கிறாள். பழைய கார் உடைக்கிற இடத்தில ஒரு சில்லு எடுத்துப் போட்டன். அம்மா வச்ச பொட்டுப் போயிட்டுது எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னாள். காருக்க அம்மா குடுத்துவிட்ட சந்தனம் கிடந்தது. அதில வச்சாள். வச்ச பிறகுதான் நடுக்கம் நிண்டது.”

இவ்வளவு நடந்திருக்கிறது. என் பிள்ளை ஐஸுக்குள் தனியாக நின்றிருக்கிறாள். அடுத்த நாள் காலை நான் ஃபோன் எடுத்து, காற்றுப் பார்த்தாயா என்று கேட்டிருப்பேன், அவளும் ஓம் அப்பா என்றிருப்பாள்.

“அப்ப நீ ஏன்டா எனக்குப் பொய் சொன்னனீ?”

“நான்தான் யோசிச்சன். உங்களுக்கு வருத்தமாயிருக்கும் எண்டு.”

“திவசத்தண்டு அவ்வளவு பேருக்கு முன்னால கேட்டனான். அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“நான்தான் சொல்லயில்லை.” சிரித்தான். அதே பந்திச் சிரிப்பு. “விடுங்கோ அத்தான். கலியாணத்துக்கு என்ன வேட்டி, பட்டோ?”

நான் விடவில்லை. விட முடியவில்லை. ஒரு இடம் இடறிக்கொண்டே இருந்தது. இவன் தானாகத் திட்டம் போட்டு என்னிடம் மறைத்தான் என்றால், பிழை இவனுடையது. நான் கோபித்ததிலும் ஒரு நியாயம் மிஞ்சும், சுவரில் மாட்டினதிலும் ஒரு நியாயம் மிஞ்சும். கலியாணத்துக்குக் கூப்பிட்டு, மன்னித்துவிட்டேன் என்று நானே சொல்லலாம். ஆனால் அந்த ஐஸுக்குள் நின்றுகொண்டு, மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்து, அவள்தான் கேட்டிருந்தால்?

லொறிக்கு நேரமாகிவிட்டது என்று அவன் எழும்பினான். நானும் எழும்பினேன். அவன் தோளைப் பிடித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவனைத் தொட்டேன். அவன் வாய் எந்தச் சொல்லுக்குத் திறக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முந்திக்கொண்டு கேட்டேன்:

“இந்த ஒருமுறை ‘நான்தான்’ எண்டு சொல்லாத மச்சான். அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு கேட்டது ஆர்?”